மதுரை மாநகராட்சிப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மார்கழி விடியலில் இறைத்தால் வெதுவெதுப்பு, சித்திரை நண்பகலில் இறைத்தால் குளிர்ச்சி. கிணற்று நீரின் இந்த வித்தையை நாம் எல்லோரும் அறிவோம். நீர் மாறுவதில்லை, மேலே காற்றுதான் மாறுகிறது. மூன்று, நான்கு மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை அந்தந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். அங்கே குழாய் பதித்து, வெளிக்காற்றை அதன் வழியே விசிறியால் இழுத்துக் கட்டடத்துக்குள் விடலாம். தில்லியை அடுத்த குருகிராம் அருகே குவால் பஹாரியில், எரிசக்தி ஆய்வு செய்யும் டெரி (TERI) நிறுவனத்தின் வளாகம் இப்படித்தான் கட்டப்பட்டது.

இதை 'மண் ஏசி' என்று யாரேனும் விற்க வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஜெர்மனியில் மண் ஏறக்குறைய 10 டிகிரி. அங்கே பனிக்காலக் காற்றை இதமாக்கி உள்ளே விடவும் அது உதவுகிறது. நம் பக்கத்தில் கொடைக்கானலுக்கு வேண்டுமானால் அந்தப் பயன் பொருந்தும். மதுரை மண்ணோ 28, 29 டிகிரியை ஒட்டியது. 40 டிகிரி வெயில் காற்று 32 ஆனாலே நல்ல விளைச்சல். மணிக்கு 200 கன மீட்டர் காற்றை 8 டிகிரி தணித்தால் கிடைப்பது அரை கிலோவாட் குளிர்ச்சி. ஒரு டன் ஏசி தருவது 3.5 கிலோவாட்.

பிறகு எதற்கு இது? காற்றோட்டத்துக்கு. இருமலும் காய்ச்சலுமாக மக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். சன்னலைத் திறந்தால் அனல். மூடினால் ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் இழுக்க வேண்டும். சுவரில் மாட்டும் ஏசியும் உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது. புதுக்காற்றை அனல் குறைத்துத் தரும் குழாய்க்கு இங்கேதான் வேலை. இரவில் வெளிக்காற்றே குளிர்ந்துவிடும். விசிறியை நிறுத்தினால் பகலில் சூடேறிய மண்ணும் ஆறும்.

பாறை தட்டும் இடங்களில் தோண்டும் கூலியே இத்திட்டத்தை விழுங்கிவிடும். வைகை வண்டல் பகுதிகளைத் தேர்ந்தெடுங்கள். ஈரமண் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் குழாயின் மேல் வாழை வைத்துக் கழுவுநீரை விடலாம். குழாய்க்குச் சரிவும், தாழ்ந்த முனையில் நீர் வடியும் தொட்டியும், இரு வாய்க்கும் கொசுவலையும் கட்டாயம். இல்லாவிட்டால் டெங்குக் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

முதல் வேலையாக, சுகாதார நிலையம் கட்டத் தேர்ந்தெடுத்த ஒரு மனையில் மூன்று மீட்டர் துளையிட்டு வெப்பமானியை இறக்குங்கள். ஓராண்டு அளவுகளை மாதந்தோறும் மக்கள் பார்வைக்கு வையுங்கள். கணக்கு ஒத்துவந்தால், அடித்தளத்துக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் மண் அள்ளும்போதே குழாயையும் பதித்துவிடலாம்.

இப்படிக்கு,
மதுரைவாசி ஒருவர்