அந்தச் சிவப்பு ஒயரை எங்களிடம் கேட்காதீர்கள்: நீச்சல்குள நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்புச் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், குளமும் ஸ்பாவும் (உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி) நடத்தும் ஹோட்டல், கிளப் மேலாளர்களுக்கும் வணக்கம்.

நான் நீச்சல்குளத்தின் கேஸ் ஹீட்டர்களைப் பழுதுபார்க்கிறவன். இந்த வேலையிலேயே தலை நரைத்துவிட்டது. ‘தண்ணி சூடாகல, உடனே வாங்க’ என்று நீங்கள் போன் போட்டுக் கூப்பிடுகிறவர்களில் நானும் ஒருவன். வந்து, பார்த்து, சரிசெய்துவிட்டுப் போய்விடுவோம். உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் அமைவதே இல்லை. அதனால்தான் இந்த மடல்.

சில மாதங்களுக்கு முன் ஒரு குடியிருப்பில் ஹீட்டரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே அரை விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு ஒயர். இரண்டு முனையையும் உரித்து, பிரஷர் சுவிட்சின் இரண்டு டெர்மினல்களையும் அதனால் சேர்த்து, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. குளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம் கேட்டேன். “ஃபில்டர் அடைச்சுக்கிட்டா ஹீட்டர் அடிக்கடி நின்னுடும் அண்ணே. போன தடவை வந்தவங்க டைரக்ட் பண்ணி விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் நிக்கவே இல்ல” என்றான். நல்ல செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த பிரஷர் சுவிட்ச் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: பம்பிலிருந்து ஹீட்டருக்குப் போதிய அழுத்தத்தோடு தண்ணீர் வருகிறதா? வந்தால் பர்னர் எரியும். குறைந்தால் கேஸை நிறுத்திவிடும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்பது தாமிரக் குழாய்களின் வரிசை. கீழே நெருப்பு, குழாய்க்குள் ஓடும் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஓடுகிறவரைதான் தாமிரம் தாங்கும். ஓட்டம் நின்றுபோனால் உள்ளே இருக்கிற கொஞ்சத் தண்ணீர் கொதித்து ஆவியாகும். நான் பார்த்த ஹீட்டரில் எக்ஸ்சேஞ்சரின் நடுப்பகுதி வெந்து கருநீலமாகியிருந்தது. சூடான தண்ணீர் வெளியே போகும் பிளாஸ்டிக் குழாய், இணைப்பின் ஓரத்தில் பழுப்பேறி நெளிந்திருந்தது. ஃபில்டரின் அழுத்தமானியில் முள் மேலே ஏறி நின்றிருந்தது. பேக்வாஷ் செய்து, அதாவது தண்ணீரைத் திருப்பி ஓடவிட்டு ஃபில்டரைக் கழுவி, எத்தனை நாளாயிற்று என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஃபில்டரைக் கழுவியிருந்தால் அந்த ஒயருக்கு வேலையே இருந்திருக்காது.

ஒயரை வைத்தவர் முட்டாள் என்று நீங்கள் நினைக்கலாம். இருக்க வாய்ப்பில்லை. அன்றைக்கு அங்கே ஒரு விழா இருந்திருக்கும். “எப்படியாவது இன்னிக்கு மட்டும் ஓட வச்சுக் கொடுத்துடுங்க” என்று யாரோ நெருக்கியிருப்பார்கள். அந்த நெருக்கடியில் நானும் நின்றிருக்கிறேன். “முடியாது சார்” என்று சொன்னால் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். ‘இன்னிக்கு மட்டும்’ வைத்த ஒயர் வருஷக்கணக்கில் உள்ளே கிடக்கும். அதனால் உங்களிடம் என் முதல் வேண்டுகோள் இது: பிரஷர் சுவிட்சையோ, சூடு அளவு மீறினால் பர்னரை நிறுத்தும் ஹை லிமிட் சுவிட்சையோ டைரக்ட் பண்ணச் சொல்லி எந்த மெக்கானிக்கையும் கேட்காதீர்கள். அவராகவே செய்ய முன்வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

ஹீட்டர் கெட்டுப்போவது பண நஷ்டத்தோடு போய்விடும். உயிருக்கு ஆபத்து புகைக்குழாயிலிருந்து வருகிறது. கேஸ் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண்ணும் எரியாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். ஏதோ உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்வார்கள். தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார்.

1977ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸ் பட்டம் வென்றவர் விட்டாஸ் ஜெருலாய்ட்டிஸ். 1994 செப்டம்பரில், நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டனில், நண்பர் வீட்டு வளாகத்தில் இருந்த விருந்தினர் குடிலில் தூங்கியபடியே இறந்துபோனார். வயது 40. நீச்சல்குள ஹீட்டரின் புகைக்குழாய் சரியாகப் பொருத்தப்படாததால், புகை குடிலின் காற்றோட்டக் குழாய்களுக்குள் போயிருந்தது. அவர் குளத்தில் இறங்கக்கூடத் தேவை இருக்கவில்லை.

இன்னொன்று என்னை இன்னும் தூங்கவிடாதது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பூன் என்ற ஊர். 2013 ஏப்ரலில் அங்கே ஒரு ஹோட்டல் அறையில் வயதான தம்பதி இறந்து கிடந்தார்கள். காரணம் உடனே பிடிபடவில்லை. ஜூன் மாதம் அதே அறையில் தங்கிய 11 வயதுச் சிறுவன் இறந்தான், அவன் தாய் பலத்த பாதிப்போடு பிழைத்தார். அந்த அறைக்கு நேர் கீழே நீச்சல்குளத்தின் கருவி அறை. ஹீட்டரின் புகைக்குழாய் அரித்து ஓட்டை விழுந்திருந்தது. இரண்டு சம்பவங்களுக்கும் இடையே ஏறக்குறைய எட்டு வாரங்கள். அந்த அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கத்தியிருந்தால் என்று ஒவ்வொரு முறை புகைக்குழாயைத் தட்டிப் பார்க்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் இடத்துக்கு வருகிறேன். ஹீட்டர் அசிங்கமாகத் தெரிகிறது என்று சுற்றிலும் மரத் தட்டி வைத்து மறைக்கிறீர்கள். மழைக்கு நனையாமலிருக்க மேலே தகரம் போடுகிறீர்கள். துண்டு வைக்க ஒரு அலமாரியையும் அதன் பக்கத்திலேயே நிறுத்துகிறீர்கள். எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் திறந்தவெளிக்கென்று செய்த ஹீட்டருக்குத் தட்டியும் தகரமும் போட்டால் அது மூடிய அறைக்குள் எரிவதற்குச் சமம். எரிவதற்கு வேண்டிய காற்று உள்ளே வராது, போக வேண்டிய புகை திரும்பி பர்னருக்கே வரும். ஜன்னல், ஏசி காற்று இழுக்கும் வாய், படிக்கட்டுக் கதவு ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு மாடலின் மேனுவலிலும் அளவு போட்டிருக்கிறது. புதிதாக ஒரு ஜன்னல் திறக்கும் முன்னும், ஒரு அறை கட்டும் முன்னும் அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். கட்டி முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டால் நான் ஹீட்டரை நகர்த்தத்தான் சொல்வேன், உங்களுக்குக் கோபம் வரும்.

ஹீட்டர் அறையில் இன்னொரு பழக்கத்தை அநேகமாக எல்லா இடத்திலும் பார்க்கிறேன். குளோரின் வாளியும் ஆசிட் கேனும் அதே மூலையில்தான் இருக்கும். மூடி சரியாக மூடாத வாளியிலிருந்து வரும் ஆவியை பர்னர் காற்றோடு சேர்த்து இழுத்துக்கொள்கிறது. அது எரிந்து அமிலமாகி எக்ஸ்சேஞ்சரையும் புகைக்குழாயையும் உள்ளிருந்து தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் புதிதுபோலவே இருக்கும், விரலால் அழுத்தினால் பொடிந்துவிழும். ரசாயனங்களுக்குத் தனியாக ஓர் இடம் ஒதுக்குங்கள். ஒரே ஒரு காரியம் செய்ய மனமிருந்தாலும் இதைச் செய்யுங்கள், செலவே இல்லை.

தண்ணீரின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் 7.2க்கும் 7.8க்கும் இடையில் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் தண்ணீர் தாமிரத்தைக் கரைக்கும். குளத்தில் பச்சை ஏறுகிறது, வெளுத்த முடி பச்சையாகிறது என்று புகார் வந்தால் பலமுறை அது உங்கள் ஹீட்டர் கரைந்து வருவதுதான். மேலே போய், கால்சியமும் அதிகமானால் குழாய்க்குள் சுண்ணாம்பு படியும். அப்போது ஹீட்டருக்குள்ளிருந்து கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதுபோலக் குமுறல் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். குளோரின் மாத்திரைகளை ஸ்கிம்மருக்குள் (குளத்தின் மேல்நீரை இழுத்துக் குப்பையைப் பிடிக்கும் வாய்) போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பம்ப் நின்றபிறகு அந்த அமிலத் தண்ணீர் ஹீட்டருக்குள்ளேயே ஊறிக் கிடக்கும்.

வருஷம் முழுக்க ஓட்டுகிறவர்கள் குளிர்காலத்தில் செய்யும் தவறு வேறு. குளத்து நீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது ஹீட்டரை மணிக்கணக்கில் ஓட்டினால், புகையிலுள்ள ஈரம் குளிர்ந்த குழாய்களில் வேர்த்துச் சொட்டும். அது அமில நீர். தாமிரக் குழாய்மேல் சிறகுபோல இருக்கும் மெல்லிய தகடுகளை அரிக்கும், மேலே கரி ஒட்ட வைக்கும். கரி அடைத்தால் புகைக்கு வழி குறையும், கார்பன் மோனாக்சைடு கூடும். அப்போது மூடியைத் திறந்து பார்க்காமலேயே எனக்கு விஷயம் தெரியும்: நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகச் சோம்பி ஆடும், மேல் தகட்டில் கறுப்பு தெரியும். தண்ணீர் உறையும் குளிர் வரும் இடமென்றால் ஹீட்டரை நம்பிக் குழாயைக் காக்க முடியாது. இரவில் கரண்ட் போனால் ஹீட்டரும் நின்றுவிடும், உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து தாமிரத்தைப் பிளந்துவிடும். குளத்தை மூடி வைக்கிற மாதங்களில் கேஸை அடைத்து, வடிகால் பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரை முழுக்க இறக்கிவிடுங்கள்.

கோடையில் ஹீட்டர் சும்மா இருக்கும். சும்மா இருக்கும் ஹீட்டரில் சிலந்தி வலை பின்னும், எலி கூடு கட்டும். பர்னரைப் பற்றவைக்கும் சின்னச் சுடருக்கு கேஸ் கொண்டுபோகும் மெல்லிய பைலட் குழாயில் ஒரு வலை போதும் சுடரைக் கெடுக்க. அதனால் மறுபடி பற்றவைக்கும் முன் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மழையில் வெள்ளம் ஏறி ஹீட்டரின் எந்தப் பாகமாவது மூழ்கியிருந்தால் வெயிலில் காயவைத்து ஓட்டக் கூடாது. கேஸ் வால்வுக்குள் போன தண்ணீர் வெளியே தெரியாது. ஆளைக் கூப்பிட்டு, பாகத்தை மாற்றித்தான் ஓட்ட வேண்டும்.

பற்றவைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஹீட்டரைச் சுற்றி முகர்ந்து பாருங்கள், தரையோடு குனிந்தும் பாருங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, தள்ளிப்போய் நின்று போன் செய்யுங்கள். கேஸ் வால்வின் குமிழைக் கையால் மட்டும் திருப்புங்கள். கைக்கு அசையவில்லையென்றால் இடுக்கி போடாதீர்கள், அது கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஹீட்டர் நிற்காமல் சூடேறிக்கொண்டே போனால் பதற்றத்தில் எல்லாரும் கரண்டைத்தான் முதலில் அணைக்கிறார்கள். பம்பும் சேர்ந்து நின்றுவிடும், சூடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். முதலில் கேஸ் வால்வை அடைக்க வேண்டும், பம்ப் ஓடட்டும். சாதாரண நாட்களிலும் பர்னர் அணைந்தபிறகு பம்ப் சில நிமிடமாவது ஓடிச் சூட்டை இறக்க வேண்டும். பேக்வாஷ் செய்யும் முன்பு ஹீட்டரை அணைத்து, சூடு இறங்க நேரம் கொடுங்கள். அந்த கேஸ் வால்வு எங்கே இருக்கிறது என்று இரவுக் காவலுக்கு நிற்கிற அண்ணனுக்குக் காட்டியிருக்கிறீர்களா? நான் போகிற இடங்களில் கேட்டால் பெரும்பாலும் செயலாளருக்கே தெரிவதில்லை.

ஸ்பாவைப் பற்றிக் கொஞ்சம். தண்ணீர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு அதுவும் அதிகம், 38க்குள் இருக்கட்டும், டாக்டரையும் கேட்டுக்கொள்ளட்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இறக்காதீர்கள். குடித்துவிட்டு இறங்குகிறவர் மயங்கினால் முழுகுவதற்கு அந்த ஆழமே போதும். ஹீட்டரின் திரை காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், ஆள் இறங்கும் முன் தனி வெப்பமானியால் தண்ணீரையே அளக்கச் சொல்லுங்கள். நீச்சலடிக்கும் குளத்துக்கு 26இலிருந்து 28 டிகிரி தாராளம். இன்னும் சூடு வேண்டுமென்று ராப்பகலாக ஹீட்டரை ஓட்டுகிறவர்கள் இரவில் குளத்துக்கு ஒரு கவர் போட்டாலே போதும். குளம் இழக்கிற சூட்டில் பெரும்பங்கு மேற்பரப்பில் ஆவியாகிப் போவதுதான்.

உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் இவற்றை எழுதி நிறைவேற்றிக் கொடுங்கள் என்று கேட்கிறேன். ஹீட்டர் அறையை ஒட்டியும் அதற்கு மேலேயும் உள்ள அறைகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம். ஆண்டுக்கு ஒருமுறை, சீசன் தொடங்கும் முன், தகுதியுள்ள ஆள் ஹீட்டரைத் திறந்து பர்னர், எக்ஸ்சேஞ்சர், புகைக்குழாய் மூன்றையும் பார்ப்பது. ‘ஓட்டக் கூடாது’ என்று அவர் எழுதிக் கொடுத்தால், விழா இருந்தாலும் விருந்தினர் இருந்தாலும் ஓட்டாமல் இருப்பது. இந்தக் கடைசியை உங்கள் கையெழுத்தோடு கொடுத்தால் என்னைப்போன்றவர்கள் தைரியமாக “முடியாது” என்று சொல்வோம்.

அடுத்த முறை ஹீட்டர் நின்றுபோனால், ரீசெட் பட்டனை அழுத்தும் முன் திரையில் என்ன எழுத்து காட்டுகிறது என்று படித்து ஒரு தாளில் குறித்துவையுங்கள். போனில் அதை முதலில் சொல்லுங்கள். ஃபில்டர் முள் எங்கே நிற்கிறது என்பதையும்.

இப்படிக்கு,
உங்கள் குளங்களின் ஹீட்டர் பழுதுபார்க்கும் ஒருவன்