சடங்கு என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு அடுக்குமாடித் திட்டம் பற்றிய செய்தியில், "திட்ட அனுமதி கிடைத்துவிட்டது, இனிச் சுற்றுச்சூழல் அனுமதி என்ற சடங்குதான் பாக்கி" என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். உங்களிடமிருந்து இப்படி ஒரு வரி வரும் என்று நான் நினைக்கவில்லை.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ கட்டுகிறவர், மண்ணில் கை வைப்பதற்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாக வேண்டும். நிலத்தைக் காக்க வேலி போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். எத்தனை மாடி, ரோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் திட்ட அனுமதியில் பார்ப்பது. தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்பது சுற்றுச்சூழல் அனுமதியில். ஒன்று இருந்தால் இன்னொன்று தேவையில்லை என்று ஆகாது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கட்டடம் கட்டியபோது ஒன்று இருந்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தார்கள். அஸ்திவாரக் குழியில் ஊறிய தண்ணீரை இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைத்தார்கள். மூன்றாவது வாரம் எங்கள் கிணறு வற்றிவிட்டது. அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "அதான் பிளான் அப்ரூவல் இருக்கே, அப்புறம் என்ன?" என்றார்கள். சுற்றுச்சூழல் அனுமதிக்கு மனுவே அப்போதுதான் போயிருந்தது. வேலையை ஆரம்பித்துவிட்டுப் பிறகு அனுமதி வாங்குவது சட்டத்துக்கு ஒவ்வாதது என்று அலெம்பிக் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-லேயே சொல்லிவிட்டதே! அதையும் சொன்னேன். உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை.

அதற்கும் முன்னால் ஒரு குவாரிக்கான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை முழுக்க ஆங்கிலம், தமிழில் கிடைத்தது சில பக்கச் சுருக்கம் மட்டும். கிணற்றை நம்பிப் பயிர் வைத்தவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன கேட்பார்கள்? அந்தக் கூட்ட அறிவிப்பு உங்கள் பத்திரிகையில்தான் வந்தது. உள்பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில். அதைப் பற்றி அன்றைக்கே உங்களுக்கு எழுதினேன், பிரசுரமாகவில்லை. சரி, இடமில்லாமல் இருந்திருக்கலாம்.

குவாரிக்காவது கூட்டம் உண்டு. கட்டடத் திட்டங்களுக்கு அந்த 2006 அறிவிக்கை கருத்துக் கேட்பிலிருந்தே விலக்கு கொடுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களான எங்களுக்கு வாய் திறக்க இருப்பது பத்திரிகை ஒன்றுதான். அந்தப் பத்திரிகையே சடங்கு என்று எழுதினால் நாங்கள் யாரிடம் போவது ஐயா?

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்