அந்தப் படத்தில் இருப்பவர் குமி மிசுனோ

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் காட்ஜில்லா கட்டுரையை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். இயக்குநர் இஷிரோ ஹோண்டா, தந்திரக் காட்சிகள் எடுத்த சுபுராயா, காட்ஜில்லாவின் ரப்பர் உடைக்குள் வெந்துபோன ஹருவோ நகாஜிமா என்று எல்லாரும் வந்துவிட்டார்கள், சந்தோஷம். ஆனால் கட்டுரையோடு போட்ட பெண்ணின் படத்துக்குக் கீழே '1954 காட்ஜில்லாவின் கதாநாயகி' என்று அச்சிட்டிருக்கிறீர்களே, அது தப்பு. 1954 படத்தில் எமிகோவாக நடித்தவர் மொமோகோ கோச்சி. நீங்கள் போட்டிருப்பது குமி மிசுனோ என்ற வேறொரு ஜப்பானிய நடிகையின் படம். 1937 ஜனவரி 1இல் பிறந்தவர். முதல் காட்ஜில்லா வந்தபோது அவருக்கு 17 வயது, சினிமாவுக்கே வந்திருக்கவில்லை.

இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று நீங்கள் நினைக்கலாம். கட்டுரை முழுக்கத் தேடியும் ஒரு நடிகையின் பெயர் கூட இல்லை, கடைசியில் இருந்த ஒரே படத்துக்கும் ஆள் மாறிப்போய்விட்டது, அந்த ஆதங்கம்தான்.

1963இல் வந்த 'மடாங்கோ'வைப் பாருங்கள். உல்லாசப் படகில் கிளம்பிய ஏழு பேர் ஆளில்லாத தீவில் ஒதுங்குகிறார்கள். சாப்பிட எதுவும் கிடையாது, காளானைத் தவிர. அதைத் தின்றால் தின்றவரே கொஞ்சம் கொஞ்சமாகக் காளானாக மாறிவிடுவார். மிசுனோவுக்கு மாமி என்ற பாடகி வேடம் (நம்ம ஊர் மாமி இல்லை, அங்கே அது பெண் பெயர்). பசியில் மற்றவர்கள் முகமெல்லாம் கறுத்து ஒட்டிப்போய்க் கிடக்கையில், காளானைத் தின்ற இவர் மட்டும் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே போகிறார். படகின் சொந்தக்காரனை மழைக்காட்டுக்குள் அழைத்துக்கொண்டு போய், தானும் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு சிரிப்பார் பாருங்கள், கூப்பிட்டால் நாமே போய்விடுவோம் போலிருக்கும். அந்தக் காளான்களை அரிசி மாவில் இனிப்பாகச் செய்து கொடுத்தார்களாம், கிட்டத்தட்ட நம் கொழுக்கட்டை. பேய்ப் படம் என்று ஓரம் கட்டுகிறவர்கள் இந்த ஒரு காட்சியை மட்டுமாவது பார்க்கட்டும்.

அப்புறம் ஃபிராங்கன்ஸ்டைன் படம், 1965 ஆகஸ்ட். கதை ஹிரோஷிமாவில் நடக்கிறது. மிசுனோ அங்கே கதிர்வீச்சு நோயாளிகளோடு வேலை பார்க்கும் மருத்துவர் சுவேகோ. அவர் பரிவு காட்டி வளர்த்த பையன் ராட்சதனாக வளர்ந்து, தப்பித்து ஓடும் வழியில் அவருடைய அடுக்குமாடி வீட்டின் முன் வந்து நிற்பான். பிரமாண்டமான முகம். எதிரே அவர். கத்தவும் மாட்டார், ஓடவும் மாட்டார், சும்மா பார்த்துக்கொண்டே நிற்பார். ராட்சதனைத் தனியாகவும் அவரைத் தனியாகவும் எடுத்துத்தான் ஒட்டியிருப்பார்கள், அப்படியென்றால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஏதோ ஒரு மூலையை! அந்த மூலையைப் பார்த்து அப்படி ஒரு முகபாவம் வருகிறதே, அதற்குப் பெயர் நடிப்பு இல்லையா? மறு வருஷம் 'கர்கன்டுவா' படத்திலும் கிட்டத்தட்ட இதே மாதிரி வேடம்தான். அதில் பாறை விளிம்பில் தொங்கும் அவரைக் காப்பாற்றப் போய் ராட்சதன் காலை உடைத்துக்கொள்வான்.

இனி நீங்கள் போட்ட படத்துக்கு வருகிறேன். அது 1965 டிசம்பரில் வந்து, அமெரிக்காவில் 'மான்ஸ்டர் ஜீரோ' என்ற பெயரில் ஓடிய காட்ஜில்லா படம். நமிகாவா என்ற வேற்றுக்கிரகப் பெண்ணாக வருகிறார் மிசுனோ. அந்தக் கிரகத்தில் எல்லாமே கணினி சொல்கிறபடிதான், பெண்கள் எல்லாருக்கும் ஒரே முகம். அப்படிப்பட்டவள் பூமிக்கார விண்வெளி வீரன் ஒருவனிடம் மனதைப் பறிகொடுத்து, தன் ஆட்களை வெல்லும் வழியை ஒரு சீட்டில் எழுதி அவன் சட்டைப் பையில் செருகிவிட்டுச் சாகிறாள். வீரனாக நடித்தவர் அமெரிக்கர் நிக் ஆடம்ஸ். அவர் ஆங்கிலத்தில் பேச, மிசுனோ ஜப்பானிய மொழியில் பேச, அப்படியே எடுத்திருக்கிறார்கள். ஜப்பானியப் பிரதியில் ஆடம்ஸுக்கு வேறொருவர் குரல் கொடுத்தார், அமெரிக்கப் பிரதியில் மிசுனோவுக்கு வேறொருவர் கொடுத்தார், ஆக எந்தப் பிரதியிலும் அந்த ஜோடியின் சொந்தக் குரல்கள் சேர்ந்து ஒலிக்கவே இல்லை. ஆடம்ஸ் 1968இல் இறந்துபோனார்; படம் அமெரிக்காவில் வெளியானதே 1970இல்தான்.

1966 டிசம்பரில் வந்த இறால் படம் (காட்ஜில்லா ஒரு ராட்சதச் சிங்கி இறாலோடு மோதுவது) சுமார்தான். வேறொரு நடிகைக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் கடைசி நேரத்தில் மிசுனோவைத் தீவுப் பெண்ணாக்கிவிட்டார்கள். அதில் காட்ஜில்லா அவரை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கும், அது பழக்கமே இல்லாத காட்ஜில்லா! காரணம் வேறு ஒன்றுமில்லை, அந்தக் கதை முதலில், பெண்ணைக் கண்டு மயங்கும் ராட்சதக் குரங்கான கிங் காங்குக்கு எழுதப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும், இந்தப் படங்களை எடுத்த தோஹோ கம்பெனி அவரை மறக்கவில்லை. 2002 காட்ஜில்லா படத்தில் ஜப்பானின் பிரதமராகவே ஆக்கினார்கள், அதுவரை அந்த நாட்டுக்கு நிஜத்தில் ஒரு பெண் பிரதமர் வாய்த்ததில்லை. 2004 படத்தில் ராணுவத் தளபதி வேடம். அந்தத் தளபதிக்கு வைத்த பெயர் நமிகாவா. தெரிந்தவர்கள் திரையைப் பார்த்துக் கைதட்டியிருப்பார்கள், உங்கள் கட்டுரையாளர் அப்போதும் நகாஜிமாவைத் தேடிக்கொண்டிருந்திருப்பார்.

அடுத்த இதழில் ஒரு மூலையில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். பெயரை 'மிசுனோ' என்றே போடுங்கள். புரூஃப் பார்ப்பவர் ஷூ கம்பெனி விளம்பரம் என்று நினைத்து அடித்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.