செயலாளர் ஆண்டறிக்கை: பட்டறை மெஷின்களும் துருவும்

தலைவர், பொருளாளர், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச வேண்டியது நமது பொதுத் தச்சுப் பட்டறை மெஷின்களைப் பற்றி.

தீபாவளி விடுமுறை முடிந்து பட்டறையைத் திறந்த காலை பலருக்கும் நினைவிருக்கும். மரம் இழைக்கும் பிளேனர் மேல் கிடந்த தார்ப்பாயை விலக்கினால் உள்பக்கமெல்லாம் நீர்த்துளி. பலகை தள்ளும் வார்ப்பிரும்பு மேடையான பெட் முழுக்கச் செம்புள்ளிகள். நடுவில் ஐந்து விரலும் பதிந்த ஒரு கைத்தடம், அதுவும் துருவாகவே. கடைசியாகப் பலகை தள்ளிய கையின் வியர்வை அது. அவர்மேல் குறையில்லை. தார்ப்பாய் போடச் சொன்னவன் நான்.

கூரை ஒழுகவில்லை. நம் நாகர்கோவிலுக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு, போதாததற்கு உப்புக்காற்று. இரவில் குளிர்ந்த கனத்த இரும்பு காலையில் சட்டென்று சூடேறாது. வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று அதில் பட்டதும் வேர்த்துவிடுகிறது. அந்த ஈரத்தைத் தார்ப்பாய் வெளியே விடவில்லை. பெட்டில் அப்படியே விட்ட மரத்தூளும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காயாத கருமருது மரத்தின் தூள் என்றால் கறுப்புக் கறையும் விழும்.

துருவை எடுக்க இரண்டு நாள் பிடித்தது. மண்ணெண்ணெய் விட்டு, 400 நம்பர் வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி நீளவாக்கில் தேய்த்தோம். விரலால் ஒரே இடத்தில் தேய்த்தால் பெட்டின் மட்டம் கெடும்.

மறுபடி துரு பிடிக்காமலிருக்கத் தேங்காய் எண்ணெய் பூசினால் போதும் என்றார்கள் மூத்த ஆசாரிமார். அவர்கள் சொல்லைத் தட்ட மனம் வரவில்லை, ஆனால் அது நாள்பட்டால் பிசுக்கேறும், பலகையில் ஒட்டினால் பாலிஷ் பிடிக்காது. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் தேன்மெழுகு வாங்கி, வெந்நீருக்குள் பாத்திரம் வைத்து உருக்கினோம். அடுப்பை அணைத்து அப்பால் கொண்டுபோய், மூன்று பங்கு டர்பன்டைன் கலந்தோம். பெட்டில் மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் துணியால் துடைத்தோம். இப்போது தேக்குப் பலகை கை வைத்தாலே வழுக்கிப் போகிறது. சிலிகான் கலந்த கார் பாலிஷை மட்டும் யாரும் கொண்டுவர வேண்டாம். அது மரத்தில் பட்டால் வார்னிஷ் திட்டுத்திட்டாக விலகும்.

மாலையில் கடைசியாகப் போகிறவர் தூளைத் தட்டி, பெட்டை உலர்ந்த துணியால் துடைத்து, பழைய பருத்தி வேட்டியால் மூட வேண்டும். டீ கிளாஸை பெட்டில் வைக்கவே கூடாது. மெழுகு மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் இருமுறை.

இதற்கான மெழுகுச் செலவுக்கும், வடக்குச் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தவும் இந்தப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்