செயலாளர் ஆண்டறிக்கை: சாப் ஆடுகிறவர்களின் சர்வீஸ்

நம் டேபிள் டென்னிஸ் சங்கத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், இரண்டாவது டேபிளுக்குப் புது வலை போட்டாச்சு, சந்தா பாக்கி உள்ளவர்கள் யாரென்று அவரவர்க்கே தெரியும். சரி, இந்த ஆண்டு உருப்படியாக நடந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நம் சங்கத்தில் சாப் ஆடுகிறவர்கள், அதாவது பந்தின் அடியை வெட்டித் திருப்பித் தற்காப்பாக ஆடுகிறவர்கள், அதிகம். எத்தனை டாப்ஸ்பின் (முன்னோக்கிச் சுழலும் பந்து) வந்தாலும் பின்னால் நின்று சளைக்காமல் வெட்டித் திருப்புவார்கள். ஆனால் சர்வீஸ் கைக்கு வந்தால் பந்தியில் சாதம் வைக்கிற மாதிரி நடுவில் அலுங்காமல் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். 2001 முதல் 11 புள்ளி ஆட்டம், ஆளுக்கு இரண்டிரண்டு சர்வீஸ், அதையும் வீணாக்கினால் எப்படி? 2014-இல் பிளாஸ்டிக் பந்து வந்தபின் சாப்பில் ஏறும் சுழற்சியும் குறைந்துவிட்டது. 2003 பாரிஸ் உலகப் போட்டியில் வெள்ளி வென்ற கொரியாவின் ஜூ செ ஹ்யூக்கும் சாப் ஆட்டக்காரர்தான், ஆனால் வாய்ப்பு கிடைத்தால் ஃபோர்ஹேண்டில் அடித்துவிடுவார்.

அதனால் ஞாயிறு காலையில் சர்வீஸுக்கென்றே நேரம் ஒதுக்கினோம். அதிகம் பலன் தந்தது, ஒரே வீச்சில் இரண்டு விதப் பந்து போடுவது: மட்டையின் நுனிப்பக்கத்தால் பந்தின் அடியை மெலிதாக உரசினால் கனமான பேக்ஸ்பின் (பின்னோக்கிய சுழற்சி), அதே வீச்சில் கைப்பிடிக்குப் பக்கத்தில் பட்டால் சுழற்சி கிட்டத்தட்ட இல்லை. இரண்டாவதையும் பேக்ஸ்பின் என்று நம்பி எதிராளி புஷ் செய்தால் (அடியை மெல்ல வெட்டித் தள்ளினால்) பந்து எழும்பும், உடனே அடிக்க வேண்டியதுதான்.

அப்புறம், எதிராளியின் பேக்ஹேண்ட் மூலைக்கு நீளமாக, வேகமாகப் போட்டால் அவர் பெரும்பாலும் டாப்ஸ்பின்தான் போடுவார், அதற்குள் நாம் பின்னால் போய்விடலாம். சின்ன சர்வீஸ் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினால் மட்டும் மாட்டிக்கொள்வோம், பந்து வலையோரமே திரும்பி வரும். மட்டையின் லாங் பிம்பிள்ஸ் (நீளமான புடைப்புகள் உள்ள ரப்பர்) பக்கத்தால் சர்வீஸ் போடுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. சுழற்சி ஏறாது, எதிராளியும் ரப்பரின் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்.

சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பந்தை விரலால் பிடித்தபடியே தட்டுவது ஃபால்ட். விரித்த உள்ளங்கையில் வைத்து, 16 செ.மீ.யாவது நேராக மேலே எறிய வேண்டும். வலையே 15.25 செ.மீ. உயரம், அதைப் பார்த்தே அளந்துகொள்ளுங்கள்.

பயிற்சி வரும் ஆண்டும் தொடரும். பழைய பந்து வாளி பீரோவுக்குக் கீழே இருக்கிறது, விரிசல் விட்டதை மறுபடி அதிலேயே போடாதீர்கள்.

நன்றி,
செயலாளர்