கண்ணாடிக்கு எதிரே என்ன இருக்கிறது

காரைக்குடி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய சுவரின் படத்தை அம்மாவின் போனில் மூன்று நாளாகத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினோரு அடி அகலம், ஒன்பதரை அடி உயரம், ஓர் ஆணிகூட அடிக்காத வெள்ளைச் சுவர். சின்னதும் பெரியதுமாகக் கண்ணாடிகளை மாட்டி நிரப்பலாமா என்று கேட்டிருக்கிறாய். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்திரண்டு வருடம் கண்ணாடியையும் சட்டத்தையும் நம்பிப் பிழைத்தவன் நான். என் மகள் என் தொழிலைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. உட்கார்ந்து எழுதினால்தான் எனக்குத் திருப்தி.

முதலில் ஒன்று செய். அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, எதிரே என்ன இருக்கிறது என்று பார். அதைப் படம் எடுத்து அனுப்பு. கண்ணாடி மாட்டிய பிறகு அந்தச் சுவரில் நீ தினமும் பார்க்கப்போவது எதிர்ப்பக்கத்தைத்தான். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் கண்ணாடியின் வடிவத்தைக் கேட்டார்கள், சட்டத்தின் நிறத்தைக் கேட்டார்கள், விலையைக் கேட்டார்கள். இதை ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஒரு வீட்டில் வாசலுக்கு நேர் எதிரே நான்கு கண்ணாடி மாட்டச் சொன்னார்கள். மாட்டினேன். வாசலோரம் இருந்த செருப்பு அலமாரி நான்காகத் தெரிந்தது. ஒரே மாதத்தில் கழற்றச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். முன்பே வாயைத் திறந்து சொல்லாதது என் குற்றம் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

அப்பத்தாவுக்கு இது யாரும் சொல்லாமலே தெரியும். சித்திரை முதல் நாள் கனி வைக்கும்போது அவர் கண்ணாடியை முதலில் எடுக்கவே மாட்டார். மாம்பழம், வாழை, வெற்றிலை, பூ, நாணயம் எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி, விளக்கையும் பக்கத்தில் நகர்த்திவிட்டு, கடைசியில்தான் கண்ணாடியைப் பின்னால் சாய்த்து வைப்பார். கண் விழித்ததும் எது இரண்டாகத் தெரியவேண்டுமோ அது முதலில் இருக்கவேண்டும். பிரான்ஸில் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடிக் கூடத்தைக் கட்டியவர்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். தோட்டத்தைப் பார்த்த பதினேழு சன்னல்கள், அவற்றுக்கு நேர் எதிரே பதினேழு கண்ணாடி வளைவுகள், மொத்தம் 357 கண்ணாடிகள். 1684இல் கட்டி முடித்தார்கள். தோட்டத்தைக் கூடத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

அப்பத்தா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த காலம் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியவில்லை. 1998. உனக்கு ஆறு வயது. எட்டு மாதம் உள்ளறைக் கட்டிலை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தெருவோடு பேசியே வாழ்ந்த மனுஷிக்கு, கால்மாட்டில் ஒரு சுண்ணாம்புச் சுவர்தான் மிச்சம். எந்தச் சத்தம் கேட்டாலும் "வாசல்ல யாரு?" என்பார். நாங்கள் வேலை மும்முரத்தில் பாதி நேரம் பதில் சொல்லமாட்டோம். கொஞ்ச நாளில் கேட்பதையே நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போது கடையில் ஒரு பழைய பெல்ஜியம் கண்ணாடி கிடந்தது. பிரித்து விற்ற ஒரு பெரிய வீட்டுச் சாமான். முனீஸ்வரன் கோவில் தெருக் கடை ஒன்றில் வாங்கி, சட்டத்தைச் சரிசெய்து விற்கலாம் என்று வைத்திருந்தேன். இரண்டடிக்கு மூன்றடி, பர்மா தேக்குச் சட்டம், ஒரு மூலையில் ரசம் போயிருந்தது. அதைக் கொண்டுவந்து கால்மாட்டுச் சுவரில் மாட்டினேன். நேராக மாட்டினால் கட்டில்தான் தெரிந்தது. பின்னால் கயிற்றைத் தளர்த்தி முன்பக்கம் சாய்த்தேன், பக்கவாட்டில் ஒரு கட்டை வைத்துத் திருப்பினேன். ஒவ்வொரு முறையும் அப்பத்தாவின் தலையணையில் என் தலையையும் வைத்துப் பார்த்தேன். நின்றுகொண்டு பார்த்தால் கோணம் பிடிபடாது, அவர் கண் இருக்கும் இடத்தில் என் கண் இருக்கவேண்டும். ஏழெட்டு முறை ஏறி இறங்கிய பிறகு, அறை நிலை வழியாகத் திண்ணையும், வாசல் படியும், முருங்கை மரத்தின் ஒரு கிளையும் கண்ணாடிக்குள் வந்தன. அதற்குப் பிறகு பூக்காரம்மா படியேறுவதை எங்களுக்கு முன்னால் அவர்தான் சொன்னார்.

நீ கண்டுபிடித்தது ஒன்று உண்டு. திண்ணையில் ஓர் இடத்தில் நின்றால் கண்ணாடிக்குள் அப்பத்தாவின் முகம் தெரியும் என்று கண்டுகொண்டாய். அவர் உன்னைப் பார்க்க முடிந்தால் நீயும் அவரைப் பார்க்கலாம், வெளிச்சத்துக்குப் போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் அங்கே நின்று பழிப்புக் காட்டுவாய். உள்ளேயிருந்து அப்பத்தா சிரிக்கும் சத்தம் கேட்கும்.

சரி, உன் சுவருக்கு வருகிறேன். பால் காய்ச்ச வந்தபோது பார்த்த நினைவில் சொல்கிறேன், தவறாக இருந்தால் திருத்து. இடப்பக்கப் பாதிக்கு எதிரே பால்கனியும் அந்தப் புங்கை மரத்தின் உச்சியும் இருக்கின்றன. வலப்பக்கப் பாதிக்கு எதிரே சமையலறை மேடையும் டிவியும். இடப்பக்கம் மட்டும் மாட்டு. வலப்பக்கத்தைச் சும்மா விடு. முழுச் சுவரையும் நிரப்பினால் ஆள் நடமாட்டம் ஒவ்வொன்றும் துண்டு துண்டாகத் தெறித்து, கண்ணுக்கு ஓய்வே இருக்காது. ஒரு பெரிய கண்ணாடி, அதைச் சுற்றி ஐந்து சின்னது, இடையில் இரண்டு அங்குலம், போதும். பெரியதின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும். உன் பால்கனி மேற்குப் பார்த்தது, மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் நேராக வந்து விழும். மாப்பிள்ளையை ஒரு கைக்கண்ணாடியைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, காலையில் ஒரு முறையும் அந்த நேரத்தில் ஒரு முறையும் பார். கண் கூசுகிற இடத்தைப் பென்சிலால் குறித்து அதைத் தவிர்த்துவிடலாம். பழைய செய்தித்தாளைக் கண்ணாடிகளின் அளவுக்கு வெட்டி ஒட்டிவைத்தும் இரண்டு நாள் பழகிப் பார்க்கலாம்.

ஆள் முழுதாகத் தெரிய ஆளுயரக் கண்ணாடி வேண்டும் என்று கடைக்காரர் சொல்வார். வேண்டாம். உன் உயரத்தில் பாதி போதும், சரியான இடத்தில் மாட்டினால் உச்சி முதல் பாதம் வரை தெரியும். தள்ளி நின்றாலும் கிட்ட வந்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

எடையில் மட்டும் அலட்சியம் கூடாது. நான்கு மில்லிமீட்டர் கண்ணாடி சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ, சட்டம் தனி. உங்கள் கட்டடம் போன்ற புதிய அடுக்குமாடிகளில் உள்சுவருக்கு எடை குறைந்த பிளாக் கல்லை வைக்கிறார்கள். திருகாணி பிடிக்கத் துளைக்குள் செருகுகிற சாதாரண பிளக் அதில் நாளடைவில் தளர்ந்து வெளியே வந்துவிடும், அதற்கென்று தனிப் பிளக் இருக்கிறது, நான் வாங்கி வருகிறேன். சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலே துளை போடவே கூடாது, உள்ளே ஒயர் போகும். குழந்தை பந்து விளையாடுகிற கூடம் அது. சின்னக் கண்ணாடிகளின் பின்னால் ஃபிலிம் ஒட்டித் தரச் சொல், உடைந்தாலும் சில் சிதறாது. சிலிகான் வைத்து ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் முதலில் முகர்ந்து பார். வினிகர் வாடை அடித்தால் அது வேண்டாம், அந்த அமிலம் பின்பூச்சை அரித்து ஒரு வருடத்தில் கண்ணாடி கறுக்கும். துடைக்கும்போதும் கண்ணாடிமேல் தெளிக்காதே, துணியில் நனைத்துத் துடை. நீர் விளிம்பு வழியாக இறங்கினால் கறுப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

அந்தப் பெரிய கண்ணாடியை நீ வாங்கவேண்டாம். அப்பத்தாவின் கண்ணாடி பரணில் பழைய வேட்டி சுற்றி இருக்கிறது, நேற்று இறக்கித் துடைத்தேன். ரசம் போன மூலை இன்னும் கொஞ்சம் பரவியிருக்கிறது. முன்பு பாதரசத்தையும் வெள்ளீயத்தையும் சேர்த்துப் பூசினார்கள், அந்த ஆவியில் தொழிலாளிகள் பலர் உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள். 1835இல் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் வெள்ளி படியவைக்கும் முறையைக் கண்டுபிடித்தபின் பாதரசம் மெல்ல ஒதுங்கியது, நம் வாயில் மட்டும் ரசம் என்ற பெயர் தங்கிவிட்டது. புதிதாகப் பூசித் தருகிறேன் என்று பலர் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. நீயும் கொடுக்காதே. அந்த மூலையோடுதான் அப்பத்தா அதில் தெருவைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலைப் பல்லவன் ரயிலில் கண்ணாடியோடு வருகிறேன். ட்ரில்லிங் மெஷினும் கொண்டுவருகிறேன், அங்கே யாரையும் வைத்துத் துளை போட்டுவிடாதே. அதுவரை, வேலை முடிந்து வந்து நீ எந்த நாற்காலியில் உட்காருகிறாய் என்று கவனித்து வை. அதில் உட்கார்ந்துதான் நான் சாய்மானம் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
அப்பா