பாப்பாவுக்கு, உன் அலமாரியைப் பற்றி

அன்புள்ள பாப்பா,

உன்னிடமும் உன் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாத சித்தி" என்றாய். போடவில்லை.

இந்தப் பொங்கலுக்கு நீ வரவில்லை. போகிக்கு முதல் நாள் உன் அறையைத் துடைத்தது நான். மேல்தட்டில் 14 புத்தகங்கள், எல்லாம் நிச்சயதார்த்தம் முறிந்த பிறகு வாங்கியவை. மனக்காயம், உறவு, எல்லைக்கோடு, உள்ளுக்குள் இருக்கும் குழந்தை என்று தலைப்புகள். அக்கா வாசலில் நின்றுகொண்டு, "இதெல்லாம் எரிக்கிறதுல சேருமா, வைக்கிறதுல சேருமா?" என்றாள். பாதி கிண்டல், பாதி கோபம். தீபாவளியன்று நீ அவளை 'நார்சிசிஸ்ட்' என்று சொன்னது இன்னும் ஆறவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கே என்னிடம் தனியாகக் கேட்டாள். "தன்னைத் தவிர வேற யாரையும் நினைக்காதவங்க" என்றேன். சட்னி அரைத்துக்கொண்டிருந்தவள் ஒன்றும் பேசவில்லை. சட்னி அரைபட்ட பிறகும் மிக்ஸி ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

புத்தகங்களைக் குறை சொல்ல வரவில்லை. நானே அப்படி ஒன்றைப் பிடித்துக் கரையேறியவள்தான். டேவிட் பர்ன்ஸ் 1980இல் எழுதிய 'ஃபீலிங் குட்' அது. மனதில் தானாக ஓடும் எண்ணத்தை ஒரு பக்கம் எழுது, அதில் எங்கே கோணல் என்று அடுத்த பக்கம் எழுது, நியாயமான பதிலை மூன்றாவதாக எழுது என்று சொல்லும். பழைய டைரி ஒன்றில் கோடு போட்டு இரண்டு மாதம் எழுதினேன். "என்னால எதுவுமே முடியாது" என்று எழுதிவிட்டு அதன் எதிரே, "காலையில 40 பேப்பர் திருத்தினேனே, அது யாரு?" என்று எழுத வேண்டியிருந்தது. சிரிப்பு வந்தது. அப்போதைக்கு அந்தச் சிரிப்பே பெரிய விஷயம்.

இந்தப் புத்தகத்தை வைத்து அமெரிக்காவில் 80களிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. மனச்சோர்வில் இருந்த முதியவர்களிடம் கொடுத்து நான்கு வாரம் படிக்கச் சொன்னார்கள். நன்றாகவே தேறினார்கள். இன்னொரு குழுவுக்கு விக்டர் ஃபிராங்கல் நாஜி முகாம் அனுபவத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தைக் கொடுத்தார்கள். மகத்தான புத்தகம்தான், ஆனால் அவர்களிடம் அந்த அளவு மாற்றம் தெரியவில்லை. பென்சில் எடுக்க வைத்ததுதான் வித்தியாசம் என்று நான் நினைக்கிறேன்.

உன் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன், மன்னித்துவிடு. முதல் 40 பக்கம் மஞ்சள் மார்க்கர். பெயர் சூட்டும் பகுதிகளில் எல்லாம் அடிக்கோடு: இவர் டாக்சிக், அதாவது உறவில் நஞ்சு; அவர் அவாய்டன்ட், அதாவது நெருங்கினால் விலகிப்போகிறவர். பயிற்சிப் பக்கங்களில் மட்டும் நீ ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

'அவாய்டன்ட்' என்று அந்தப் பையனைப் பற்றி நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் பால்டிமோரில், ஒரு வயதுக் குழந்தைகள் அம்மா அறையை விட்டுப் போய்த் திரும்பி வரும்போது என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார். அதிலிருந்து வந்த வகைகள் அவை. ஹேசன், ஷேவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1987இல் அதைப் பெரியவர்களின் காதலுக்கு நீட்டினார்கள், அதுவும் ஒரு செய்தித்தாளில் கேள்விகள் அச்சிட்டு, வாசகர்கள் அனுப்பிய பதில்களை வைத்து. பயனுள்ள யோசனைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரத்த குரூப் மாதிரி மாறாத விஷயம் இல்லை அது. அதிலும், எதிரே இருக்கிறவருக்காக நாம் நிரப்பிக் கொடுக்கும் சோதனையே இல்லை.

எனக்கு உதவிய இன்னொருவர் ஜான் காட்மன். சியாட்டில் பல்கலைக்கழகம் ஒன்றில் கணவன் மனைவியரை உட்காரவைத்துச் சண்டை போடச் சொல்லி, இதயத் துடிப்பு முதற்கொண்டு அளந்தவர். நிலைத்த தம்பதிகளிடம், சண்டையின் நடுவிலும் ஒரு கசப்புக்கு ஐந்து நல்ல அசைவுகள் இருந்தனவாம். ஒரு தலையசைப்பு, ஒரு சிரிப்பு, அந்த மாதிரி. உறவை அரிக்கும் நான்கையும் பட்டியலிட்டார்: ஆளையே குறை சொல்வது, ஏளனம், "நான் என்ன பண்ணேன்" என்ற தற்காப்பு, கல்லாகிவிடும் மௌனம். நான்காவதைப் படித்தபோது உன் தாத்தாவின் முகம்தான் வந்தது. கோபம் வந்தால் நாலு நாள் பேசமாட்டார். பாட்டி தட்டை வைத்துவிட்டு, "சாப்பாடு வெச்சிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். நானும் உன் அம்மாவும் அந்தச் சுவருக்கும் தட்டுக்கும் நடுவில் வளர்ந்தோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மனதை அறுக்கும் ஒன்றைப் பற்றி மாணவர்கள் தினமும் 15 நிமிடம், நான்கு நாள் எழுதினார்கள். எழுதிய உடனே மனது இன்னும் கனத்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. நீ நான்கு நாள் எழுது. யாரிடமும் காட்டாதே, எனக்கும் வேண்டாம். தூக்கமே வராமல் போனாலோ, உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு வந்தாலோ, புத்தகத்தை மூடிவிட்டு மருத்துவரைப் பார். நடு ராத்திரியானால் 14416க்குப் பேசு, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு இல்லை. எனக்கும் அடிக்கலாம்.

இன்னொன்று. அலமாரியின் மேல்தட்டைத் துடைக்கும்போது ஒரு புத்தகத்திலிருந்து பஸ் டிக்கெட் ஒன்று விழுந்தது. நம் ஊர் டவுன் பஸ் டிக்கெட், நீ பெங்களூர் போன பிறகு வாங்கியது. அந்தப் பக்கத்தில் ஒரு பயிற்சி: 'சிறு வயதில் நீங்கள் அழுதபோது யார் வந்தார்கள்?' கீழே பென்சிலில் அக்காவின் கையெழுத்து. 'யாருமில்லை' என்று எழுதி அழித்திருக்கிறாள், தடம் தெரிகிறது. அதன் மேல், 'தங்கச்சி வருவா. அவளும் அழுவா.'

தை கடைசி ஞாயிறு நான் அங்கே இருப்பேன். முடிந்தால் வா. அந்தப் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன், டிக்கெட்டோடு.

அன்புடன்,
சித்தி